மறுமொழி: 'வெட்-ஆன்-வெட்' – தமிழில் என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

எண்ணெய் வண்ணத்தில் நாட்டுப்புற நிலக்காட்சி தீட்டக் கற்பிக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியை 'மனப்பதிவியம்' என்றே எழுதிவிட்டேன், தயவுசெய்து அதைக் கிளறாதீர்கள். சிக்கியது 'வெட்-ஆன்-வெட்'டில், அதாவது ஈரத்தின்மேல் ஈரம். வானத்துக்கு இட்ட வண்ணம் காயுமுன்பே தொலைவு மரங்களை அதன்மேல் இடுவது. விளிம்பு குழைந்து மரங்கள் பின்னே போகும். குறளின் 'பசுமட்கலம்' (ஈரம் காயாத மண்கலம்) தந்த துணிச்சலில் 'பச்சைமேல் பச்சை' என்று எழுதினேன். படித்த மாணவி, "மரத்துக்கு மட்டுமா, வயலுக்குமா?" என்கிறாள்.

———

> பச்சைமேல் பச்சை

அம்மா, 'ஈர்வண்ணம்' என்க. 'ஈர்ங்கை விதிரார் கயவர்' (குறள் 1077). ஈரமான கை ஈர்ங்கை, ஈரமான வண்ணம் ஈர்வண்ணம். புதிதாக ஆக்க ஒன்றுமில்லை.

———

> ஈர்வண்ணம்

ஈரடி, ஈராறு என்று படித்த பிள்ளை இரண்டு வண்ணம் என்றுதான் எடுத்துக்கொள்வான் ஐயா. கலவைத் தட்டில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

———

> இரண்டு வண்ணம்

உயிர் வந்தால்தான் 'ஈர்', மெய் வந்தால் 'இரு'. இரண்டு வண்ணம் என்றால் இருவண்ணம். ஈர்வண்ணத்தில் இரண்டுக்கு இடமே இல்லை, இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தம். போகட்டும், இன்னொன்று தருகிறேன். 'இன்சொலால் ஈரம் அளைஇ' என்கிறார் வள்ளுவர். அளைதல் என்றால் கலத்தல். ஈரத்தோடு ஈரம் கலக்கும் இம்முறைக்கு 'ஈரளை' எவ்வளவு பொருத்தம்!

———

அளை என்றால் புற்று. மோரும்கூட.

———

நான் தூரிகை பிடிக்கிறவன், இலக்கணம் தெரியாது. ஆனால் 'ஈரம்' என்பதே இங்கே இடிக்கிறது. ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாவதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அதனால்தான் மறுநாளும் குழைகிறது. 'உலரா வண்ணம்' என்றால் என்ன?

———

> உலரா வண்ணம்

'உலரா வண்ணம் தீட்டுக' என்று அச்சிட்டுப் பாருங்கள். உலராதபடி தீட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து எண்ணெயைக் கொட்டுவார்கள். 'ஓரமர்வு ஓவியம்' எளிது. 'அலா ப்ரிமா' என்று இத்தாலியர் சொல்வதும் அதைத்தானே?

———

> ஓரமர்வு

அது வேறு, இது வேறு. அலா ப்ரிமா ஒரே மூச்சில் முடிப்பது. ஈரத்தில் ஈரம் இடுவது ஒரு கைமுறை. பல நாள் நீளும் படத்திலும் அது வரும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் வைக்கோற்போர்களைத் தீட்டியபோது வெயில் மாற மாறக் கித்தானை மாற்றினார், பிறகு பட்டறையில் வைத்தும் திருத்தினார். அவரை ஓரமர்வுக்காரர் ஆக்கிவிடாதீர்கள். கையேட்டில் சொல்லைவிட முக்கியமானது: ஒவ்வொரு தீற்றலுக்கும் பிறகு தூரிகையைத் துடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வானமும் மரமும் சேர்ந்து சேறாகும். அடியில் மெல்லிய பூச்சு, மேலே கெட்டி வண்ணம். மாற்றிப் போட்டால் இழுத்துக்கொண்டு வரும்.

———

துடைப்பதைச் சேர்த்துவிட்டேன், நன்றி. 'ஈரப்பூச்சு' என்று போட்டு, முதலிடத்தில் மட்டும் 'வெட்-ஆன்-வெட்' என்று தமிழ் எழுத்தில் தருகிறேன். வேதியியல் நோக்கில் குறைதான். ஆனால் வண்ணத்தைத் தொட்டுவிட்டு "இன்னும் ஈரமா இருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். மறுப்பு உண்டா?

———

மறுப்பில்லை.

———

ஈரப்பூச்சே போதும். தூங்கப் போகலாமா?

———

எனக்கு மறுப்பு உண்டு. ஈரச் சுண்ணச் சுதைமேல் தீட்டும் ஃப்ரெஸ்கோ இருக்கிறதே, அதுதான் முறைப்படி ஈரப்பூச்சு. இந்தச் சொல்லை எண்ணெய் வண்ணத்துக்குக் கொடுத்துவிட்டால் நாளை அதற்கு எங்கே போவீர்கள்? என் வாக்கு இன்னும் ஈர்வண்ணத்துக்கே. ஃப்ரெஸ்கோவுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.