ஓடுகிறவன் முதுகில் சுடலாமா?

பாம்பன்கரை:
நேற்று தேநீர்க் கடையில் நடந்த பேச்சு தூங்கவிடவில்லை. கஞ்சா வழக்கில் தேடப்பட்டவன் போலீசை வெட்டிவிட்டு ஓடினான், காலில் சுட்டுப் பிடித்தார்கள் என்று ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். “காலில் எதற்கு, நெஞ்சிலேயே சுட்டிருக்க வேண்டும்” என்று பாதிக் கடை சொன்னது. எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிரே நிற்பவன் ஓர் உயிரை எடுக்கப்போகிறான், தடுக்க வேறு வழியே இல்லை என்றால் போலீஸ் சுடட்டும். ஓட ஆரம்பித்துவிட்டவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும். இன்று முடியாவிட்டால் நாளை பிடிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
தம்பி, நீங்கள் சொல்லும் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியுமா? 1998 மாசி அமாவாசை. மண்டபம் ஊருக்குத் தெற்கே ஒரு கரையில் பீடி இலை மூட்டைகளை வள்ளத்தில் ஏற்றுகிறார்கள் என்று தகவல். நாங்கள் மூன்றே பேர். மணலில் கால் புதையப் புதைய ஓடினோம். பனை மட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். கையில் மீன் அறுக்கும் கத்தி. அதன் பிடியில் நீல நைலான் கயிறு சுற்றியிருந்தது. இன்றைக்கும் அந்த நீலம் கண்ணில் நிற்கிறது. எனக்கும் அவனுக்கும் நான்கு எட்டு. தோளில் கிடந்த துப்பாக்கியை இறக்குவதற்குள் இடது முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டான். பதினொரு தையல். நான் மூச்சு விடும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டியதை நீதிமன்றம் மூன்று வருடம் உட்கார்ந்து ஆராயும். அது நியாயமா?

வழக்கறிஞர், இராமநாதபுரம்:
ஐயா, அவன் கத்தியை ஓங்கியபோது நீங்கள் சுட்டிருந்தால் சட்டம் உங்களோடுதான் நின்றிருக்கும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு, அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. உயிர் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்பு நீளும். அந்த உரிமை காக்கிச் சட்டைக்கு மட்டும் உரியதன்று, வலை இழுக்கிறவருக்கும் உண்டு. ஆனால் கைது என்று வந்தால் கணக்கு வேறு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைப் பிடிக்கும்போது கொல்ல உரிமை இல்லை என்று, கைது நடைமுறைகளைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதுவே இருந்தது.

தொண்டியான்:
அப்படியானால் கொலைகாரன் ஓடினால் சுடலாம் என்றுதானே பொருள்? அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். 2019இல் ஹைதராபாத் அருகே பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றபோது நாடே இனிப்பு கொடுத்தது. வழக்கு, வாய்தா, ஜாமீன் என்று பார்த்துப் பார்த்து மக்கள் வெறுத்துப்போய்விட்டார்கள். அந்த வெறுப்புக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

வழக்கறிஞர், இராமநாதபுரம்:
உண்டு. வழக்குகள் ஆமை வேகத்தில் நகர்வது எனக்கும் வெட்கம். ஆனால் அந்த நால்வர் தாக்கியதால் சுட்டோம் என்ற கதை பொய், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வேலி தாண்டி ஓடிய பதினைந்து வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக்கொன்ற வழக்கில், ஓடுகிறான் என்பது மட்டுமே காரணமாகாது, பிறர் உயிருக்கு அவனால் பெரும் ஆபத்து இருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

நம் ஊருக்கே வாருங்கள். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் வரையறுத்தது. அடுத்த மாதமே உங்கள் தொண்டிக்குப் பக்கத்தில் எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்துக்குள், விசாரணைக்கு வந்த இளைஞரைச் சார்பு ஆய்வாளர் சுட்டுக்கொன்றார். கத்தியால் தாக்கினார், தற்காப்புக்குச் சுட்டேன் என்பதே அவர் சொன்ன காரணம். இராமநாதபுரம் நீதிமன்றம் அதை ஏற்காமல் 2019இல் ஆயுள் தண்டனை விதித்தது. ஏட்டையா, உங்கள் கையில் தழும்பு இருக்கிறது. எல்லா அறிக்கைகளுக்கும் பின்னால் அப்படி ஒரு தழும்பு இருப்பதில்லை. அதனால்தான் நீதிமன்றம் மூன்று வருடம் உட்கார வேண்டியிருக்கிறது.

பரமக்குடிப் பெண்:
தனி ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். 2011 செப்டம்பர் 11, எங்கள் பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். ஐந்துமுனைச் சந்திப்பில் கூட்டத்தின் மீது சுட்டார்கள். ஊரில் ஆறு உயிர்கள் போயின. நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தோம். அதன்பின் மாடியிலிருந்து பார்த்தபோது தெருவெல்லாம் ஒற்றைச் செருப்புகள். ஒன்று சிறு பையனுடையது, பட்டை அறுந்திருந்தது. அதற்கு எந்தப் பிரிவு?

ஓய்வுபெற்ற ஏட்டு:
அம்மா, அன்று வாகனங்கள் எரிந்தன, காவலர்களும் அடிபட்டார்கள். துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்று அதை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையமே சொல்லியிருக்கிறது.

பரமக்குடிப் பெண்:
ஆணையம் சொன்னதைப் படித்தேன். தூத்துக்குடியில் 2018இல் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டுப் பதின்மூன்று பேர் இறந்ததை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம், சிதறி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று சொன்னதையும் படித்தேன். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்து ஓடியவர் யார், எறிந்தவர் யார் என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை.

பாம்பன்கரை:
தொண்டி அண்ணன், ஒன்று கேட்கிறேன். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டது இலங்கைக் கடற்படை என்று உடன் போனவர்கள் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே உட்கார்ந்தது, நானும் உட்கார்ந்தேன். எல்லை தாண்டியிருந்தாலும் படகைப் பிடி, வழக்குப் போடு, சுட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று தொண்டை வற்றக் கத்தினோம். சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயமும் 1999இல் ‘சைகா’ கப்பல் வழக்கில் அதைத்தான் சொன்னது: கூடியவரை பலத்தைத் தவிர்க்க வேண்டும், முதலில் நிறுத்தச் சொல்லி எச்சரிக்க வேண்டும். கடலில் நமக்குக் கேட்ட நியாயத்தைக் கரையில் இன்னொருவன் பிள்ளைக்கு எப்படி மறுப்பது?

காலில் சுடுவதைக் கருணை என்று நினைக்கவும் வேண்டாம். தொடையின் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரி போவதற்குள் இரத்தம் வடிந்தே உயிர் போகும்.

தொண்டியான்:
கடத்தல்காரனையும் மீனவனையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். தங்கச்சிமடத்தில் நானும் இருந்தேன். அவன் கையில் வலைதான் இருந்தது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கிழித்தவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தை நோக்கிப் போனான். பக்கத்தில் நின்ற காவலர் குறிபார்த்தார். நான் துப்பாக்கிக் குழலைக் கையால் தட்டிவிட்டேன். வள்ளத்தின் அணியத்தில் ஒரு சிறுவன் நின்றிருந்தான், பத்து வயதுகூட இருக்காது. அவன் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் தட்டிவிட்டிருப்பேனா என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தம்பி.