மாடித்தோட்டம்: 38 பை, தொட்டிக்கு மண்ணு, கோகோபீட், உரம் எவ்வளவு வாங்கணும்?

மதுரை_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் வாங்கி வச்சிரணும்னு நினைக்கிறேன். என்கிட்ட 12க்கு 12 இன்ச் குரோ பேக் 30, 15க்கு 15 இன்ச் பேக் 6, அப்புறம் கீரைக்குன்னு 4 அடி நீளம் 2 அடி அகலம் 1 அடி உயரத்துல பெட் பேக் 2 இருக்கு. போன தைப்பட்டத்துல ஒரு குத்துமதிப்பா மூணு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) கட்டி, அஞ்சு மூட்டை செம்மண், 50 கிலோ மண்புழு உரம் வாங்குனேன். 18 பை ரொப்புறதுக்குள்ள எல்லாம் தீந்துபோச்சு, மறுபடி ஆர்டர் போட்டு வர்றதுக்கு பத்து நாள் ஆயிருச்சு, அதுவரைக்கும் தக்காளி நாத்து டிரேயிலயே கெடந்து நெடுநெடுன்னு வளந்து பாதி செத்தே போச்சு. எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாயிருச்சு. கடையில உரம் கிலோ கணக்குல தர்றாங்க, கோகோபீட் கட்டி கணக்கு, மண்ணு மூட்டை கணக்கு, இதை எப்படி ஒண்ணா சேத்து கணக்கு போடுறதுன்னே புரியல. யாராவது கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

பொள்ளாச்சி_தென்னை:

தங்கச்சி, கிலோவை மொதல்ல மறந்துருங்க. பைக்குள்ள போறது எடை இல்ல, இடம். அதனால எல்லாத்தையும் லிட்டர்ல போட்டுக்கணும், கடைக்குப் போறப்ப மட்டும் கிலோவுக்கு மாத்திக்கலாம்.

உருண்டைப் பைக்கு அகலத்தை அகலத்தால பெருக்கி 0.785 போட்டு உயரத்தால பெருக்குங்க, கன இன்ச் வரும், அதை 61ஆல வகுத்தா லிட்டர். பை 12 இன்ச் உயரம்னாலும் தண்ணி நிக்கறதுக்கு மேல 2 இன்ச் விடணும், அதனால 10 இன்ச்னு வச்சா ஒரு பைக்கு 18.5 லிட்டர், 30 பைக்கு 555. 15 இன்ச் பைக்கு 13 இன்ச் ரொப்புனா 37.5 லிட்டர், ஆறுக்கு 225. பெட் பேக் 8 இன்ச் ரொப்புனா ஒண்ணுக்கு 150, ரெண்டுக்கு 300. ஆக மொத்தம் 1080 லிட்டர். இதோட 15 சதவீதம் கூட்டிக்கங்க, ஏன்னா கோகோபீட்டையும் மண்ணையும் கலந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு எறங்கிரும், ரெண்டு தடவை தண்ணி ஊத்துனா இன்னும் அமுங்கும். அப்ப சுமாரா 1250 லிட்டர்.

நான் கோகோபீட் 4 பங்கு, செம்மண் 3, மக்குன உரம் 3 போடறேன். அப்ப கோகோபீட் 500, மண்ணு 375, உரம் 375. அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு ஊறுனா 65 லிட்டர்ல இருந்து 75 வரைக்கும் வரும், நான் 65ன்னுதான் கணக்கு வைப்பேன், அப்படின்னா 8 கட்டி. சிமெண்ட் சாக்கு ஒண்ணு 35 லிட்டர் புடிக்கும், மண்ணு 11 சாக்கு. உரம் லிட்டருக்கு 600 கிராம்னு வச்சா 225 கிலோ, அதுல பாதி மண்புழு உரம் பாதி நல்லா மக்குன மாட்டு எருன்னு போட்டா செலவு கொறையும். நீங்க போன தடவை வாங்குன 50 கிலோ உரம்ங்கறது வெறும் 80 லிட்டர்தான், அங்கதான் ரொம்ப அடிவாங்கியிருக்கீங்க.

ஒண்ணு முக்கியம், ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பையை அளந்து பாருங்க. சில பையில 15 இன்ச்ங்கறது விரிச்சு நிறுத்துன பிறகு வர்ற குறுக்களவு, சிலதுல படுக்க வச்சு தட்டையா அளந்த அகலம். ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரு நூலை எடுத்து வாயைச் சுத்தி அளங்க, 12 இன்ச் பைக்கு 38 இன்ச் கிட்ட வரணும், 15க்கு 47.

திருச்சி_சைட்:

மேல சொன்ன கணக்கு சரிதான், ஆனா யாரும் மொட்டை மாடி எடையைப் பத்தி பேசலையேன்னு வந்தேன். நான் கட்டட வேலையில இருக்கேன்க. ஏறி நடமாடற மொட்டை மாடிக்கு, கட்டடம் தாங்க வேண்டிய எடையைச் சொல்ற இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875ல சதுர மீட்டருக்கு 150 கிலோன்னுதான் வச்சிருக்காங்க, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. இந்தக் கலவை நனைஞ்சா லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வந்துரும். 12 இன்ச் பை பிரச்சனை இல்ல, ரெண்டடிக்கு ஒண்ணுன்னு வச்சா ஒரு பை நாலு சதுர அடிக்கு பரவிரும், சதுர அடிக்கு அஞ்சு கிலோகூட வராது. பெட் பேக்தான் பிரச்சனை. 8 சதுர அடியில 150 லிட்டர் வச்சா சதுர அடிக்கு 19 கிலோ, அதுவும் நடு ஸ்லாப்ல வச்சீங்கன்னா வேணாங்க. கீரைக்கு 6 இன்ச் மண்ணு தாராளமா போதும், அப்ப 113 லிட்டர், 14 கிலோதான் வரும். அதையும் கீழ செவுரு இல்ல பீம் போற இடத்துக்கு மேல வைங்க. பழைய வீடுன்னா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு வைங்க, இதுல மட்டும் தள்ளிப்போடாதீங்க.

மதுரை_மாடி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. நூலை வச்சு அளந்துட்டேன். 12 இன்ச் பை 38 வந்துச்சு, சரியா இருக்கு. ஆனா 15 இன்ச் பை வாய்ச்சுத்தே 30 இன்ச்தான் வருது! அப்ப அது தட்டையா அளந்ததுதானே? குறுக்களவு ஒன்பதரைதான். நீங்க சொன்ன மாதிரியே போட்டுப் பாத்தா ஒரு பைக்கு 37 இல்ல, வெறும் 15 லிட்டர், 12 இன்ச் பையைவிட சின்னது. இதுல எலுமிச்சை வைக்கலாம்னு இருந்தேன், இப்ப அதுல மொளகாதான் வைக்கணும்.

பெட் பேக்கையும் 6 இன்ச்சுக்கு கொறைச்சுட்டேன், மாடிப்படி செவுரு ஓரமா வைக்கப்போறேன். இப்ப கணக்கு 555, 92, 226, ஆக மொத்தம் 873, 15 சதவீதம் சேத்தா 1000 லிட்டர். சரியாண்ணே? அளக்கறதுக்கு பழைய பெயிண்ட் பக்கெட் இருக்கு, 20 லிட்டர் வாட்டர் கேன் ஒண்ணை அதுல ஊத்தி, தண்ணி நின்ன இடத்துல மார்க்கர்ல கோடு போட்டு வச்சிருக்கேன்.

பொள்ளாச்சி_தென்னை:

சரியா இருக்குங்க தங்கச்சி. கோகோபீட் 400 லிட்டர், அதுக்கு 6 கட்டி, கொஞ்சம் பத்தாம போனா மண்ணை ஒரு பக்கெட் கூட்டிக்கலாம். செம்மண் 300 லிட்டர், 9 சாக்கு. உரம் 300 லிட்டர், 180 கிலோ. ஒரு கட்டிக்கு 20 லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கும், பெரிய டப்பாவுல ஊறப்போடுங்க. ஊறுன தண்ணியை வடிச்சு கொட்டிட்டு மறுபடி ரெண்டு தடவை அலசுங்க, உப்பு அதிகமா இருந்தா நாத்து நுனி கருகும். கட்டியை ஊறவைக்காம காய்ஞ்சபடியே அளந்து கலந்துறாதீங்க, எல்லாக் கணக்கும் தப்பாயிரும். வேப்பம்புண்ணாக்கு இதுல சேராது, பைக்கு ஒரு கைப்பிடி தனியா போடுங்க.

தஞ்சை_பாத்தி:

இதுக்கு நடுவுல என்னோட சந்தேகத்தையும் கேட்டுக்கறேன், தனியா ஒண்ணு ஆரம்பிக்க வேண்டாம்னு. எங்களுக்கு மாடி இல்ல, வீட்டுக்குப் பின்னாடி 2 சென்ட் காலி எடம், வீடு கட்டுனப்ப லாரி ஏறி ஏறி மண்ணு கல்லு மாதிரி இருக்கு. எரு ஒரு யூனிட் எறக்கச் சொல்றார் வண்டிக்காரர், அவ்வளவு வேணுமா?

பொள்ளாச்சி_தென்னை:

தம்பி, ஒரு சென்ட்ங்கறது 435.6 சதுர அடி. அதுமேல ஒரு இன்ச் கனத்துக்கு எருவைப் பரப்புனா 36 கன அடி, ஆயிரம் லிட்டர் கிட்ட. ஒரு யூனிட் 100 கன அடி. அப்ப 2 சென்ட்டுக்கு ஒரு இன்ச் போட முக்கால் யூனிட் போதும். ஆனா அவ்வளவே பொதுவா தேவைப்படாது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி, கத்தரிக்கெல்லாம் ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் சொல்றாங்க, அது சென்ட்டுக்கு 100 கிலோதான். ஒரு இன்ச்ன்னா சென்ட்டுக்கு 600 கிலோ வந்துரும், ஆறு மடங்கு. உங்க மண்ணு கெட்டிப்பட்டுக் கெடக்கறதால மொதல் வருஷம் மட்டும் பாத்தி வர்ற எடத்துல ஒரு இன்ச் போட்டு மம்பட்டியால நல்லா ஆழமா கொத்திவிடுங்க, நடக்கற வரப்புக்கு வேண்டாம். பாத்தி பாதி எடம்தான் வரும், அதுக்கு 36 கன அடி, அதாவது யூனிட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல கொஞ்சம். அடுத்த வருஷத்துல இருந்து சென்ட்டுக்கு 100 கிலோவுக்கு வந்துருங்க. எரு மக்கியிருக்கான்னு பாத்து எறக்குங்க, கையில எடுத்தா சூடா இருந்தாலோ சாணி வாடை அடிச்சாலோ திருப்பி அனுப்பிருங்க, அதைப் போட்டா வேரு வெந்துரும்.

மதுரை_மாடி:

அண்ணே, இன்னைக்கு ஒரு பை மட்டும் கலந்து ரொப்பிப் பாத்தேன், நேத்து ராத்திரியே ஒரு கட்டியை ஊறப்போட்டு வச்சிருந்தேன். கோடு போட்ட பக்கெட்டுல ஒரு பக்கெட் முழுசா எறங்கிச்சு, தண்ணி ஊத்துன பிறகு ஒன்றரை இன்ச் அமுங்கிச்சு, அதுக்கு இன்னும் ரெண்டு படி சேத்தேன். நீங்க சொன்ன 15 சதவீதம் அப்படியே வந்துருச்சு. மீதி கட்டி அஞ்சையும் இப்ப ஆர்டர் போட்டுட்டேன், மீதி மண்ணு நாளைக்கு வருது. கத்தரி நாத்து டிரேயில நாலு இலை விட்டிருக்கு.