செட்டிநாட்டுக்கு வரும் பயணிகளின் பணம் ஊருக்குள் தங்குகிறதா?

பள்ளத்தூரான்:
கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகள்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதால் கூட்டம் இன்னும் கூடும். வரட்டும், நல்லதுதான். ஆனால் வருகிறவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் பணத்தில் பனையோலைக் கொட்டான் (கூடை) முடைகிற பெண்ணுக்கு என்ன வருகிறது? கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கு என்ன வருகிறது? கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தும் தறிக்காரர் வீட்டுக்கு வழிகாட்ட ஒரு பலகைகூட இல்லாத தெருக்கள் இருக்கின்றன.

கேரளத்தில் குமரகத்தைப் பாருங்கள். 2008இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தை அங்கே தொடங்கியபோது, ஊராட்சியும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் சேர்ந்து தரிசாகக் கிடந்த நிலத்தில் காய்கறி போட்டார்கள். அதை ஓட்டல்கள் வாங்கிக்கொண்டன. விலையை ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. இங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

வளவு_வீடு:
அண்ணே, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பெரிய வீட்டில் பங்குள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பங்காளிகள் சென்னையில், மலேசியாவில், இன்னும் எங்கெங்கோ இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீடு திறக்கும். மழைக்கு ஓடு ஒழுகினால் மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே பெரிய பேச்சு. பேச்சு முடியாத வீடுகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. விடுதியாக மாறிய வீடுகள் மட்டும் ஒழுங்காகச் சுண்ணாம்புப் பூச்சோடு நிற்கின்றன. அவற்றின் தலையில் குழு, கமிட்டி என்று சுமை ஏற்றினால் அடுத்த பங்காளி எதற்கு வீட்டைத் திறப்பார்? இடிப்பதுதான் சுலபம் என்பார்.

ஆத்தங்குடி_பட்டறை:
இரண்டு பேருமே எங்களைக் கேட்காமல் பேசுகிறீர்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர்கள் நாங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயக் குழம்பு ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப் போட்டு எடுக்கிறோம். வருகிறவர்கள் அதை வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கல் கனம், யார் பையில் போட்டுக்கொண்டு போவது? எங்களுக்குச் சோறு போடுவது புது வீடு கட்டுகிறவர்களின் ஆர்டர்தான். இங்கே பார்த்துவிட்டுப் போனவர் பிறகு வீடு கட்டும்போது கேட்டு வருவதும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் வேலையை நிறுத்தி நிறுத்தி விளக்கிச் சொல்வதற்குக் கூலி கிடையாது. கொத்தனார் சாரத்தில் நிற்கும்போது யாராவது இப்படிச் செய்வார்களா?

வளவு_வீடு:
அது நியாயம். பட்டறையைப் பார்க்கக் கட்டணம் வையுங்கள், எந்த விடுதிக்காரரும் மறுக்க மாட்டார். ஆத்தங்குடியில் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கவே காசு வாங்குகிறார்களே.

ஆனால் குமரகம் உதாரணம் இங்கே ஒட்டாது. அது காயலோரம், சுற்றிலும் தண்ணீர். நம் பூமி வானம் பார்த்த பூமி. சித்திரை வெயிலில் தினமும் கீரையும் கத்திரிக்காயும் எந்தக் குழு கொடுக்கும்? அந்த மாதங்களில் விருந்தாளியும் குறைவு. ஒப்பந்தம் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் நஷ்டப்பட வேண்டுமா?

பள்ளத்தூரான்:
தண்ணீர் பேச்சை எடுத்தது நல்லது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கூரையில் விழுந்த மழைநீரை முற்றத்தில் இறக்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஊரையே திட்டமிட்டார்கள். இப்போது அந்த வாய்க்கால் பல இடங்களில் மண்மூடிக் கிடக்கிறது. விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறது. பாரம்பரியம் என்று முகப்பையும் தூணையும் காட்டுகிறோம். ஊருணியும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்திதானே? அறை வாடகையிலிருந்து ஒரு சிறு தொகையை வரத்துக்கால் தூர்வார ஒதுக்கச் சொல்வது சுமையா தம்பி? வீட்டை யாரும் பிடுங்கவில்லை.

பலகார_ஆச்சி:
காய்கறியையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல் இதெல்லாம் மழை பார்த்தா வருகிறது? காரைக்குடியில் பெண்கள் வீட்டிலேயே பலகாரம் போட்டு வெளிநாடு வரை அனுப்புகிறார்கள். விடுதிகள் காலைப் பலகாரத்தையும் விருந்தாளிக்குக் கட்டிக் கொடுப்பதையும் அந்தந்த ஊர்ப் பெண்களிடம் வாங்கட்டும். விருந்தாளி குறையும் மாதத்தில் நாங்கள் கல்யாண ஆர்டர் பார்த்துக்கொள்வோம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

இன்னொன்று. விடுதி அடுப்படியில் நம் ஊர்ப் பெண்கள்தான் சமைக்கிறார்கள், நாள் கூலிக்கு. கவுனி அரிசிப் பக்குவம் அவர்கள் கையில் இருக்கிறது. விருந்தாளிக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு என்று விடுதி தனியாகப் பணம் வாங்கினால், அதில் பாதியாவது சொல்லிக்கொடுத்தவளுக்குப் போக வேண்டும். அதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

வளவு_வீடு:
பலகாரம் சரி, வகுப்பும் சரி ஆச்சி. ஊருணிக்குப் பணம் ஒதுக்கவும் எங்கள் பங்காளிகளிடம் பேசிப் பார்க்கிறேன். கணக்கை ஊராட்சி வைத்துக்கொண்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆத்தங்குடி_பட்டறை:
விடுதிக்காரர் கையில் கணக்கு இருந்தால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். மகளிர் குழுவிடம் கொடுங்கள், மாதாமாதம் வரவு செலவை ஊர்ப் பொதுவில் எழுதி ஒட்டட்டும். பட்டறைக் கட்டணத்தை அதில் சேர்க்க நான் தயார்.