ஜீன் டெஸ்ட் முடிவு வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு வயது 61. பீடி, சிகரெட் பழக்கம் வீட்டில் யாருக்கும் கிடையாது. விடாத இருமலுக்கு டிபி என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பயாப்ஸியில் நுரையீரல் அடினோகார்சினோமா (ஒருவகை நுரையீரல் புற்றுநோய்), நான்காம் நிலை. ஜீன் டெஸ்ட் முடிவு வர இன்னும் பத்து நாள். சொந்தக்காரர்கள் "உடனே கீமோ போடு" என்கிறார்கள். முற்றிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்:
தம்பி, என் அக்காவுக்கும் இதே கதைதான். மூச்சுத்திணறல் பெரிதாக இல்லாததால் டாக்டர் காத்திருக்கச் சொன்னார். புகைக்காத நம் ஊர்ப் பெண்களிடம் இ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் அதைக் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. அக்காவுக்கு இருந்தது. அந்த மாத்திரைதான், தினம் ஒரு ஜெஃபிடினிப் 250 மி.கி. மூன்றாம் வாரமே மாடிப்படி ஏறினார். முகத்தில் பரு, வயிற்றுப்போக்கு எல்லாம் சமாளித்தோம். நகக்கண் புண்தான் வதைத்தது. அக்கா பூக்கட்டுபவர். இரண்டு மாதம் சரம் தொடுக்க முடியாமல் போனதற்குத்தான் அழுதார், நோய்க்கு அழவில்லை. பதினான்கு மாதம் கழித்து இருமல் திரும்பியது. மறுபடி டெஸ்ட் செய்ததில் டி790எம் என்று வந்தது, அதாவது ஜெஃபிடினிப்புக்கு அடங்காத புது ஜீன் மாற்றம். அதற்குக் கேட்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை 80 மி.கி.க்கு மாற்றினார்கள். அப்புறம் ஒன்று, அசிடிட்டி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும்.

இன்னொரு பதில்:
புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். திணறல் அதிகமானால் முடிவுக்கு முன்பே கீமோ தொடங்குவது தப்பில்லை. முடிவு வந்தபின் மாத்திரையைச் சேர்க்கலாம். மும்பை டாடா மெமோரியல் ஆய்வில் ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்தது சராசரியாக 8 மாதம், கூடவே பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோவும் எடுத்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவும் கூடுதல்தான், அம்மாவின் உடம்பு தாங்குமா என்று பாருங்கள். ஆனால் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும்) ஊசிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அதைப் போட்ட கையோடு ஓசிமெர்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து அதிகம். ஏ.எல்.கே. ஜீனையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள், அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, சிஸ்டர், இருவருக்கும் நன்றி. இன்று நெஞ்சில் கோத்திருந்த நீரை எடுத்தார்கள். அம்மா பல நாளுக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். ஏ.எல்.கே.யும் அதே டெஸ்டில் உண்டாம். காத்திருக்கிறோம்.