பழைய எஞ்சின் ஆயில்: "ஒரு சொட்டுகூட வீணாகாது"ன்னு சொல்றவங்க கவனத்துக்கு

#1 மூணாவதுகியர் (கோவை)

டயர் பத்தின திரியில சம்பந்தமே இல்லாம பட்டறைக்காரர் அண்ணன் இப்படி எழுதிட்டுப் போயிருக்கார்: "பழைய ஆயிலை ரீசைக்கிளுக்குக் குடுங்கன்னு கார்க்காரங்களுக்குப் பாடம் எடுக்கறது வெட்டி வேலை. பட்டறையில ஒரு சொட்டுகூட வீணாகாது. எல்லாமே காசு." அதுக்கு நாலு பேர் கைதட்டல் வேற. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கலீங்க, அதான் தனித் திரி.

காசாகறதும் ரீசைக்கிள் ஆகறதும் ஒண்ணுங்களா? பட்டறை மூலையில 200 லிட்டர் பேரல் நிக்குது. நிறைஞ்சதும் குட்டியானையில ஒரு ஆள் வந்து மோட்டார் போட்டு உறிஞ்சிட்டுப் போறார். பில் இல்ல, ரசீது இல்ல. பாதி கான்கிரீட் போடற சென்ட்ரிங் ஷீட்டுக்கு, கொஞ்சம் செங்கல் சூளை அடுப்புக்கு, கொஞ்சம் கரையான் அரிக்காம இருக்க வேலிக் கம்பத்துக்கு. மிச்சத்தை வடிகட்டி வெளுத்து, பழைய கேன்ல ஊத்தி, புது ஆயில்னு நம்ம தலையிலயே கட்டறாங்க.

கார் வெச்சிருக்கிறவங்க கேக்கோணும். சர்வீஸுக்கு விட்டா "பழைய ஆயில் எங்க போகுது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிற ஆளுக்குத்தான் குடுக்கறீங்களா"ன்னு ஒரு வார்த்தை. வீட்ல மாத்தறவங்க புது ஆயில் வந்த கேன்லயே பழசை ஊத்தி மூடி வைங்க. கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதுவும் கலக்காதீங்க, கலந்தா சுத்திகரிக்கிறவங்க எடுத்துக்க மாட்டாங்க. சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க. ஒரு லிட்டர் ஆயில் 10 லட்சம் லிட்டர் தண்ணியைக் கெடுக்கும்.

#2 பட்டறைக்காரர் (சேலம்)

10 லட்சமா? யார் தம்பி அளந்தது? மேட்டூர் டேம்ல ஊத்திப் பார்த்தாங்களா?

எங்கப்பா காலத்துல இருந்து நடக்கிற பட்டறை. ஒரு நாளும் சாக்கடையில ஊத்தினதில்ல. காசு குடுத்து வாங்கிட்டுப் போக ஆள் இருக்கும்போது எந்த மடையன் ஊத்துவான்? இந்த ஊர்ல ஆயிலைத் தரையில கொட்டறவன் மெக்கானிக் இல்ல, யூடியூப் பார்த்து வீட்டு வாசல்ல ஆயில் மாத்தற கார்க்காரன்தான். முதல்ல அந்த 10 லட்சத்துக்கு ஆதாரம் காட்டுங்க.

#3 கணக்குப்பிள்ளை

மூணாவதுகியர் சொன்னது தப்பான மேற்கோள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது இது: ஒருமுறை மாற்றும் ஆயில், 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும். லிட்டர் அல்ல, கேலன். ஒரு லிட்டர் ஆயில் அல்ல, ஒருமுறை மாற்றும் ஆயில். 10 லட்சம் கேலன் என்றால் 37 லட்சத்து 85 ஆயிரம் லிட்டர். அங்கே ஒரு காருக்கு நாலரை லிட்டர் என்று வைத்தால், ஒரு லிட்டருக்கு 8 லட்சத்து 41 ஆயிரம்தான் வருகிறது. 10 லட்சம் வரவில்லை.

#4 பட்டறைக்காரர் (சேலம்)

பார்த்தீங்களா? ஒரே பதிவுல ஒன்றரை லட்சத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு.

#5 மூணாவதுகியர் (கோவை)

குறையலீங்க, கூடுது. குடிநீருக்கு இந்திய தரநிலை ஐஎஸ் 10500ன்னு ஒண்ணு இருக்கு, 2012ல திருத்தினது. அதுல மினரல் ஆயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் சுமாரா 870 கிராம். நீங்களே வகுத்துப் பாருங்க: 17 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். நான் 10 லட்சம்னு குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்.

#6 பட்டறைக்காரர் (சேலம்)

எட்டு, பத்து, பதினேழு. என்ன தம்பி, ஏலம் விடறீங்களா? ஆயில் தண்ணியில கரையுமா? மேல மிதக்கும். மிதக்கிறதை ஒதுக்கிட்டு அடியில இருக்கிற தண்ணியை எடுத்துக்க வேண்டியதுதானே?

#7 கணக்குப்பிள்ளை

870 கிராம் என்பது எந்த வெப்பநிலையில்?

#8 மேஸ்திரிமகன் (விழுப்புரம்)

உங்க கேலன் சண்டையில எனக்கு வேலை இல்லை. பேரல்ல போற ஆயில் எங்க வந்து சேருதுன்னு நான் சொல்றேன்.

எங்கப்பா சென்ட்ரிங் மேஸ்திரி. ஷீட்டு கான்கிரீட்ல ஒட்டாம கழண்டு வரணும்னு பழைய ஆயிலைத்தான் பூசுவாங்க. சாக்குத் துணியை ஆயில்ல முக்கி, வெறுங்கையால தேய்க்கிறது. கையுறை எல்லாம் கிடையாது. சித்தாளுங்க முழங்கை வரைக்கும் கருப்பா இருக்கும், மதியச் சோத்துக்கு மண்ணைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு உக்காருவாங்க. கழுவின தண்ணி அங்கேயே மண்ணுல. மழை வந்தா ஷீட்டுல இருக்கிறதும் மண்ணுல. அப்பாவுக்குக் கையெல்லாம் தோல் தடிச்சு வெடிச்சு, அரிப்பு நின்னதே இல்லை.

இதைத்தான் "ஒரு சொட்டுகூட வீணாகாது"ன்னு சொல்றீங்களாண்ணே? ஷீட்டுக்குன்னே தனியா ரிலீஸ் ஆயில் விக்குது. பழைய ஆயில் சல்லிசா கிடைக்கிறவரைக்கும் எந்த கான்ட்ராக்டரும் அதை வாங்க மாட்டான்.

#9 மூணாவதுகியர் (கோவை)

இதுக்கு மேல நான் என்னங்க சொல்றது. பழைய ஆயில்ங்கறது வெறும் அழுக்கான ஆயில் இல்ல. எஞ்சினுக்குள்ள எரியறப்ப உண்டாகற பிஏஎச்ங்கற நச்சுக் கூட்டுப்பொருட்கள் ஓட ஓட அதுல சேர்ந்துகிட்டே போகும். பழைய பெட்ரோல் எஞ்சின் ஆயிலை எலித் தோலுல தடவிப் பார்த்த ஆய்வுகள்ல புற்று வந்திருக்கு. அதைத்தான் ஒரு மனுசன் சாக்குத் துணியில தேய்ச்சுட்டிருக்கார்.

#10 பட்டறைக்காரர் (சேலம்)

மேஸ்திரிமகன் தம்பி, உங்கப்பாவுக்காக வருத்தப்படறேன். ஆனா ஆயிலைப் பூசச் சொன்னது நானா, கான்ட்ராக்டரா? என் கையும் தினம் ஆயில்லதான் கிடக்குது. எலி, புற்றுன்னு பயம் காட்டாதீங்க. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு பூரா 2000லயே நின்னுபோச்சு, இப்ப ஆயில்ல ஈயமும் முன்ன மாதிரி இல்ல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: 10 லட்சம் எங்க இருந்து வந்துச்சு?

#11 டெட்ராய்ட்_தமிழன்

நண்பர்களே, இங்கே மிச்சிகனில் வீட்டில் ஆயில் மாற்றுகிறவர் பழசை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால் உதிரிபாகக் கடையில் காசு வாங்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் சான்று பெற்ற மையங்களுக்கு அரசே கேலனுக்கு 40 சென்ட் ஊக்கத்தொகை கொடுக்கிறது. இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் கார்க்காரர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பழைய ஆயிலை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் ஊர் சாட்சி. 1970களின் தொடக்கத்தில் புழுதி அடங்க மண் சாலைகளில் கழிவு ஆயிலைத் தெளித்தார்கள். 1982 இறுதியில் வெள்ளம், 1983இல் அரசே வீடுகளை விலைக்கு வாங்கி ஊரைக் காலி செய்தது. 1985இல் அப்படி ஒரு ஊரே சட்டப்படி இல்லாமல் போனது.

#12 புதுப்பேட்டை_பிஸ்டன் (சென்னை)

வந்துட்டாருய்யா, "இங்கே மிச்சிகனில்". பாஸ், எந்தத் திரி போட்டாலும் நீங்க மிச்சிகன்லேர்ந்துதான் ஆரம்பிக்கிறீங்க.

டைம்ஸ் பீச்சுல ஊரைக் காலி பண்ணது ஆயிலால இல்ல, அதுல கலந்திருந்த டையாக்ஸின்ங்கற கொடிய விஷத்தால. கெமிக்கல் ஃபேக்டரி கழிவை ஆயிலோட கலந்து அடிச்சாங்க. பாதிக் கதையைச் சொல்லாதீங்க.

#13 டெட்ராய்ட்_தமிழன்

ஆயிலோடு எதையும் கலக்காதீர்கள் என்பதற்குத்தான் அந்த உதாரணமே. நான் எங்கே வசிக்கிறேன் என்பது உங்களை ஏன் இவ்வளவு உறுத்துகிறது?

#14 புதுப்பேட்டை_பிஸ்டன் (சென்னை)

உறுத்தல எல்லாம் ஒண்ணும் இல்ல. மூணாவதுகியர் சொல்றதுதான் சரி, ஆனா பட்டறைக்காரரை நம்பி ஆயில் பேச்சே பேசாதீங்க. போன வருஷம் பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு "எல்லாத்துக்கும் 20டபிள்யூ-40 கெட்டி ஆயிலே ஊத்தலாம், கம்பெனி சொல்ற 0டபிள்யூ-20 வெறும் தண்ணி"ன்னு எழுதினவர் இவர்தான். அந்தத் திரியில பதில் சொல்லாமயே ஓடிட்டார்.

#15 பட்டறைக்காரர் (சேலம்)

ஓடினது யார்? நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போட்டு எந்த எஞ்சின் சீஸ் ஆச்சு, ஒண்ணு காட்டு. புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸைக் கழுவி டப்பாவுல போட்டு விக்கிறவங்க எனக்கு ஆயில் பாடம் எடுக்க வேணாம்.

#16 புதுப்பேட்டை_பிஸ்டன் (சென்னை)

ஊரைப் பத்திப் பேசினா மரியாதை கெட்டுடும். உங்க ஊர் ஜனங்க பாதி பேர் பார்ட்ஸுக்கு எங்க தெருவுலதான் வந்து நிக்கிறாங்க.

#17 நெறியாளர்

ஊர்ச் சண்டை வேண்டாம். ஆயில் கிரேடுக்குத் தனித் திரி இருக்கிறது.

#18 மூணாவதுகியர் (கோவை)

ஏனுங்க, எல்லாரும் எங்கெங்கியோ போறீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.

ஆயில் தேய்ஞ்சு போறதில்ல. அதுல கலக்கிற அடிட்டிவ் கெமிக்கல் தீர்ந்துபோகும், தண்ணி, கரி, உலோகத்தூள் சேரும், அவ்வளவுதான். தண்ணியை விரட்டி, வெற்றிடத்துல காய்ச்சி வடிச்சு, ஹைட்ரஜன் ஏத்தியோ களிமண்ணுல வடிகட்டியோ எடுத்தா மறுபடி பேஸ் ஆயில், அதாவது அடிட்டிவ் சேர்க்காத மூல ஆயில் கிடைக்குது. ஒரு கேலன் பழைய ஆயில்ல இருந்து எவ்வளவு புது ஆயில் எடுக்கலாமோ, அவ்வளவை எடுக்க 42 கேலன் குரூடு வேணும்னு அமெரிக்க முகமையே சொல்லுது. நாம குரூடுல பெரும்பகுதியைக் காசு குடுத்து இறக்குமதி பண்றவங்க. அப்படிப்பட்ட சரக்கைச் சூளையில போட்டு எரிக்கிறோம். மனசு பொறுக்க மாட்டேங்குது.

குட்டியானைக்காரர் கொண்டு போறது இந்த மாதிரி ஆலைக்கா? அனுமதி இல்லாத கொட்டகையில கந்தக அமிலத்தை ஊத்திக் கலக்கி, களிமண் போட்டு வெளுப்பாங்க. மிஞ்சற அமிலச் சேறு தாரு மாதிரி இருக்கும், அதை ராத்திரியோட ராத்திரியா எங்காவது கொட்டிருவாங்க. அபாயக் கழிவு விதிகள்ல அந்த முறைக்கு இடமே இல்ல.

2023 செப்டம்பர்ல விதி திருத்தி, 2024 ஏப்ரல் 1ல இருந்து பழைய ஆயிலை ரீசைக்கிள் பண்ண வைக்கிற பொறுப்பை ஆயில் விக்கிற கம்பெனிகளுக்கே வெச்சிருக்காங்க. முதல் வருசம் விக்கிற ஆயில்ல 5 சதவீதத்துல ஆரம்பிச்சு வருசா வருசம் ஏறுது. பதிவு பண்ணின சுத்திகரிப்பு ஆலை தர்ற சான்றிதழைக் கம்பெனி வாங்கியாகணும். அதுக்கு ஆயில் அந்த ஆலைக்குப் போய்ச் சேரோணும். கேக்கிறது காருக்குச் சொந்தக்காரங்களா இருந்தாத்தான் பட்டறை மாறும்.

#19 பட்டறைக்காரர் (சேலம்)

சட்டம் கம்பெனிக்காரனுக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் என்னை ஏன் கேக்கறீங்க? அனுமதி இருக்கிற வண்டியைக் கூப்பிட்டா "ரெண்டு பேரல் சேரட்டும், அப்புறம் வர்றோம்"ங்கறான். குட்டியானைக்காரன் ஒரு போன் போட்டா சாயங்காலமே வந்து நிக்கிறான், கையில காசும் குடுக்கறான்.

எண்ணூர்ல 2017ல கப்பல் ரெண்டு மோதி, கடல்ல ஆயிலை வாளி வெச்சு அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட முகத்துவாரமே கருப்பாச்சு, படகு, வலை எல்லாம் ஆயில். அங்க போய்க் கேளுங்க தம்பி. மூணு லிட்டர் ஆயில் மாத்தறவன்கிட்ட வந்து 10 லட்சம், 17 லட்சம்னு கணக்கு காட்டாதீங்க. அந்தக் கணக்கை இன்னும் யாரும் நிரூபிக்கலை.

#20 மூணாவதுகியர் (கோவை)

எண்ணூர் பெருசுதான், இல்லீங்கல. அதுக்காகச் சின்னதை விட்டுறலாமா? சின்னக் காருக்கு மூணு மூணரை லிட்டர், பைக்குக்கு ஒரு லிட்டர். கோயமுத்தூர்ல மட்டும் எத்தனை வண்டி ஓடுதுன்னு ரோட்டைப் பாருங்க. கப்பல் என்னைக்கோ ஒரு நாள் மோதுது. இது தினம் தினம் நடக்குது, யார் கண்ணுக்கும் தெரியறதில்ல.

மிதக்கும்னு சொன்னீங்களே, கிணத்துல மிதக்கிற படலம் காத்தை உள்ள விடாது. மண்ணுல இறங்கினது மிதக்கவும் மிதக்காது, போகவும் போகாது. பட்டறை வாசல் மண்ணை ஒரு சாண் தோண்டி மோந்து பாருங்க.

ரெண்டு பேரல் சேரணும்னா பக்கத்துப் பட்டறையோட சேர்ந்து வைங்கண்ணே. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?

#21 மேஸ்திரிமகன் (விழுப்புரம்)

அண்ணன் நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலை. உங்க பேரலை எடுத்துட்டுப் போறவன் யாருக்கு விக்கிறான்?

#22 கணக்குப்பிள்ளை

என் கேள்விக்கும் பதில் வரவில்லை. 870 கிராம் எந்த வெப்பநிலையில்? தரநிலைப்படி கணக்கிட்டால் அது "குடிக்கத் தகுதியற்றது" என்ற கணக்கு. "கெடுக்கும்" என்பது வேறு. 10 லட்சம் என்று முதல் பதிவில் எழுதியதை 8.4 லட்சம் என்று திருத்தினால் விவாதம் முடிந்துவிடும்.

#23 மூணாவதுகியர் (கோவை)

திருத்த மாட்டேனுங்க. குடிக்க முடியாத தண்ணி கெட்ட தண்ணிதான்.

#24 டெட்ராய்ட்_தமிழன்

கடைகளில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பற்றி நான் எழுதியதை யாருமே தொடவில்லை. புதுப்பேட்டைக்காரர் என்னைக் கிண்டல் செய்ததோடு சரி.

#25 புதுப்பேட்டை_பிஸ்டன் (சென்னை)

பாஸ், இங்க கேன் வாங்கற கடையில பழைய ஆயிலைக் கொண்டுபோய் நீட்டிப் பாருங்க, கடைக்காரன் என்ன சொல்றான்னு. அதைக் கம்பெனிங்க செய்யணும்னு எழுதியிருந்தா நானே கைதட்டியிருப்பேன். நீங்க மிச்சிகன் பெருமை பேசினீங்க.

இன்னொண்ணு. காலி கேனை ஆணியில ஓட்டை போட்டுட்டுத் தூக்கிப் போடுங்க மக்களே. முழுசா விட்டா அதுலதான் போலி ஆயில் நிரம்பி வருது. எங்க தெருவுல நல்ல மெக்கானிக்னா கஸ்டமர் கண் முன்னாடியே குத்துவான். சேலத்துல எப்படின்னு தெரியல.

#26 பட்டறைக்காரர் (சேலம்)

சேலத்துல மெக்கானிக்குங்க மானத்தோட தொழில் பண்றாங்க. கேனை நானும்தான் குத்தறேன்.

#27 நெறியாளர்

இனி ஊர்ப் பெயர் வந்தால் பதிவு நீக்கப்படும்.

#28 பட்டறைக்காரர் (சேலம்)

நீக்குங்க, நான் என்ன தப்பாவா எழுதினேன். என் பட்டறைக்கு வர்ற எந்தக் காருக்காரரும் இதுவரைக்கும் பழைய ஆயில் எங்க போகுதுன்னு கேட்டதில்ல. கேக்காதவங்களுக்கு நான் எதுக்குப் பதில் வெச்சுக்கணும்?

#29 மூணாவதுகியர் (கோவை)

அதைத்தானுங்க முதல் பதிவுல இருந்து கத்திட்டிருக்கேன், கேக்கோணும்னு! இப்ப நானும் மேஸ்திரிமகனும் கேட்டுட்டோம். அந்தப் பேரல் எங்க போகுது?

#30 பட்டறைக்காரர் (சேலம்)

10 லட்சத்துக்கு ஆதாரம் வரட்டும், சொல்றேன்.

#31 கணக்குப்பிள்ளை

8.4.