கோபால்ட் குளோரைடா, டி.எம்.ஓ.ஜி.யா? ஹிஃப்-1ஆல்ஃபா பட்டை தெளிவாக வரவில்லை

கேள்வி: பிளாட்_மேசை

வணக்கம். ஹிஃப்-1ஆல்ஃபாவை (ஆக்சிஜன் குறையும்போது செல்லில் சேரும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க முயல்கிறோம். ஹீலா செல்கள், 6 வெல் பிளேட். எங்களிடம் ஹைப்பாக்சியா (ஆக்சிஜன் குறைந்த நிலை) சேம்பர் இல்லை, அதனால் அந்தப் புரதத்தை உயர்த்த கோபால்ட் குளோரைடு 150 மைக்ரோமோலார், 24 மணி நேரம். பிறகு பி.பி.எஸ்.ஸில் இருமுறை கழுவி, டிரிப்சின் போட்டு எடுத்து, சுழற்றி, ரிப்பா பஃபரில் லைஸ் செய்கிறோம் (செல்லை உடைக்கிறோம்). வெஸ்டர்னில் 120 கிலோடால்டன் பக்கம் மங்கலாக ஒரு பட்டை, 93-க்குக் கீழே பல பட்டைகள். எது உண்மையானது? கோபால்ட்டை விட்டுவிட்டு டி.எம்.ஓ.ஜி. அல்லது ராக்சாடுஸ்டாட்டுக்கு (இவையும் ஹிஃப்-ஐ உயர்த்துபவை) மாறலாமா? ஹிஃப்-ஐக் குறைக்கும் என்று நாங்கள் நினைக்கும் ஒரு சேர்மத்தைச் சோதிப்பதுதான் அடுத்த வேலை.

பதில்: லைசேட்

120 பக்கம் இருப்பதுதான் உங்கள் புரதம். அமினோ அமிலக் கணக்குப்படி 93 வந்தாலும், ஜெல்லில் அது 110–120-இல்தான் ஓடும். கீழே தெரிபவை பெரும்பாலும் சிதைந்த துண்டுகளும் ஆன்டிபாடியின் வேண்டாத ஒட்டுதலும்.

மருந்தை மாற்றும் முன் அறுவடையை மாற்றுங்கள். ஆக்சிஜன் திரும்பியதும் ஹிஃப்-1ஆல்ஃபாவின் அரை ஆயுள் 5 நிமிடத்துக்கும் குறைவு. கோபால்ட் செல்லுக்குள் கொஞ்சம் தங்குவதால் சிதைவு சற்று மெதுவாகலாம். ஆனாலும் டிரிப்சின், சுழற்சி, கழுவல் என்று கால் மணி நேரம் போனால் மிச்சம் கிடைப்பது அதிர்ஷ்டம். டிரிப்சினே வேண்டாம். பிளேட்டை ஐஸ் மேல் வையுங்கள், மீடியத்தை உறிஞ்சுங்கள், ஐஸ் குளிர்ச்சியான பி.பி.எஸ்.ஸில் ஒரே ஒரு முறை கழுவுங்கள், உடனே ஒரு வெல்லுக்கு 150 மைக்ரோலிட்டர் சூடான எஸ்.டி.எஸ். பஃபரை ஊற்றி ஸ்கிரேப்பரால் வழித்தெடுங்கள். 95 டிகிரியில் 5 நிமிடம். டி.என்.ஏ. பசை போல இழுக்கும். 10 விநாடி சோனிக்கேட் செய்யுங்கள், இல்லையென்றால் 26 கேஜ் ஊசியில் சில முறை ஏற்றி இறக்குங்கள். டி.டி.டி.யையும் நீலச் சாயத்தையும் பி.சி.ஏ. முறையில் புரத அளவை அளந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் அளவீடு கெட்டுவிடும்.

ரிப்பாவில் இன்னொரு சிக்கல்: ஹிஃப் நியூக்ளியஸில் இருப்பது, சுழற்றிய பின் நீங்கள் தூக்கிப் போடும் பெல்லட்டோடு ஒரு பகுதி போய்விடும். ஜெல் 7.5 சதவீதம், லேனுக்கு 30–40 மைக்ரோகிராம், ஈர டிரான்ஸ்ஃபர்.

24 மணி நேரமும் அதிகம். பி.எச்.டி.2, பி.எச்.டி.3 (ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்பில் ஹைட்ராக்சில் சேர்த்துச் சிதைவுக்கு அனுப்பும் நொதிகள்) இரண்டும் ஹிஃப்-ஆல் தூண்டப்படும் ஜீன்கள்; நேரம் கூடக்கூட அடக்கும் நொதியும் கூடும். புரதத்துக்கு 4–6 மணி நேரம் போதும். சி.ஏ.9 போன்ற, ஹிஃப் தூண்டும் இலக்கு ஜீன்களைப் பார்க்க 16–24.

பதில்: இரும்பு_இரண்டு

மருந்துத் தேர்வு பற்றி. கோபால்ட் மலிவு, ஆனால் நான் அதைத் தனி ஆதாரமாக ஏற்கமாட்டேன். பி.எச்.டி. நொதியில் இரும்பின் இடத்தைப் பிடிப்பதோடு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் தரும், பாஸ்பேட்டோடு சேர்ந்து படியும், சீரம் ஆல்புமினிலும் ஒட்டும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஹெக்சாஹைட்ரேட்டை 1 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 23.8 மில்லிகிராம் கரையுங்கள், 100 மில்லிமோலார் வரும். அதை 1:1000 போடுங்கள். பி.பி.எஸ்.ஸில் கரைக்காதீர்கள்.

டெஸ்ஃபெரியாக்சமைன் (இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்து) 100 மைக்ரோமோலார்: மெதுவாகத்தான் உள்ளே போகும், ஓர் இரவு விடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸுக்கே இரும்பு இருக்காது, செல்கள் எஸ் கட்டத்தில் (டி.என்.ஏ. நகலாகும் கட்டம்) நின்றுவிடும்.

டி.எம்.ஓ.ஜி. 1 மில்லிமோலார் (டி.எம்.எஸ்.ஓ.வில் 175 மில்லிகிராம்/மில்லிலிட்டர் என்றால் 1 மோலார்): 2-ஆக்சோகுளூட்டரேட்டை நம்பியிருக்கும் நொதிகள் எல்லாவற்றையும் தொடும். எஃப்.ஐ.எச். (ஹிஃப்-இன் செயலை அடக்கும் இன்னொரு நொதி), ஹிஸ்டோன் டீமெத்திலேஸ், டெட் (டி.என்.ஏ.வின் மெத்தில் குறியை அகற்ற உதவும் நொதிகள்) எல்லாமே. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தையும், ஹிஃப் வேலை தொடங்கும் முன்பே, குறைத்துவிடும்.

ராக்சாடுஸ்டாட் 50 மைக்ரோமோலார் இவற்றைவிடத் தூய்மையானது, எஃப்.ஐ.எச்.சை அதிகம் தொடாது. வி.எச்.298 (100 மைக்ரோமோலார்) ஒரு படி கீழே வேலை செய்கிறது: ஹைட்ராக்சிலேஷன் நடக்கும், ஆனால் வி.எச்.எல். (ஹைட்ராக்சில் ஏறிய ஹிஃப்-ஐப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பும் புரதம்) அதைப் பிடிக்க முடியாது. அதனால் ஹைட்ராக்சி-புரோலின் 564 ஆன்டிபாடியில் வி.எச்.298 லேன் பளிச்சென்று இருக்க வேண்டும், ராக்சாடுஸ்டாட் லேன் வெறுமையாக இருக்க வேண்டும். மொத்த ஹிஃப் இரண்டிலும் ஏறியிருக்கும். இந்த ஒரு பிளாட்டே இரண்டு மருந்தும் தத்தம் இடத்தில் வேலை செய்கின்றன என்று காட்டிவிடும். எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு சிஸ்-வி.எச்.298 வாங்குங்கள். டி.எம்.எஸ்.ஓ. எல்லா வெல்லிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்தைத் தாண்டாமல்.

இவை எதுவும் ஹைப்பாக்சியா அல்ல. 21 சதவீத ஆக்சிஜனில் ஹிஃப் கிளையை மட்டும் இழுத்துவிடுகிறோம். கட்டுரைத் தலைப்பில் "ஹைப்பாக்சியா" என்று போடாதீர்கள், "ஹிஃப் நிலைப்படுத்தல்" என்று எழுதுங்கள்.

கேள்வி: பிளாட்_மேசை

மிக்க நன்றி. சேர்மம் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: பக்கத்து ஆய்வகத்தின் சேம்பரில், 1 சதவீத ஆக்சிஜன், 16 மணி நேரம். எங்கள் சேர்மம் போட்ட வெல்லில் ஹிஃப்-1ஆல்ஃபா நன்றாகக் குறைகிறது, செல் எண்ணிக்கை அப்படியே. இதை வைத்து "தடுப்பான்" என்று சொல்லலாமா?

பதில்: லைசேட்

இன்னும் சொல்ல முடியாது. சுவாசத்தை அடக்கும் எந்தப் பொருளும் இதே படத்தைத் தரும். ரோட்டினோன், ஆன்டிமைசின், மெட்ஃபார்மின் எல்லாம் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைச் செலவழிக்காவிட்டால், சேம்பர் 1 சதவீதம் காட்டினாலும் செல்லுக்குள் மிச்சம் கூடும், அது பி.எச்.டி. நொதிகளுக்குப் போய்ச் சேரும், ஹிஃப் சிதையும். உங்கள் சேர்மம் ஹிஃப்-ஐத் தொட்டிருக்கவே வேண்டாம்.

பிரித்தறிய எளிய வழி: சாதாரண இன்குபேட்டரில் வி.எச்.298 அல்லது டெஸ்ஃபெரியாக்சமைனால் ஹிஃப்-ஐ உயர்த்தி, அதே அளவு சேர்மத்தைப் போடுங்கள். அங்கே குறையவில்லை என்றால் சுவாசத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிஜன் நுகர்வை நேரடியாக அளந்து உறுதி செய்யுங்கள். சேம்பரில் பிமோனிடசோல் கறையும் (ஆக்சிஜன் மிகக் குறைந்த செல்லில் படிவது) கூடவே குறையும்.

அங்கேயும் குறைந்தால் புரத உற்பத்தி தடைபடுகிறதா என்று பாருங்கள். அதே லைசேட்டில் எம்.சி.எல்.1, சி-மிக் போன்ற குறுகிய ஆயுள் புரதங்களை ஓட்டுங்கள். எல்லாமே விழுந்தால் அது பொதுவான டிரான்ஸ்லேஷன் தடுப்பான். டிகாக்சின் (செல்லின் சோடியம் பம்பைத் தடுக்கும் இதய மருந்து) இங்கே நல்ல பாடம்: மனிதச் செல்லில் 100 நானோமோலாரில் ஹிஃப் விழும், ஆனால் பொதுப் புரத உற்பத்தியும் தளரும். எலிச் செல்லின் சோடியம் பம்ப் அதற்கு எளிதில் மசியாது, அதனால் எலி முடிவையும் மனித முடிவையும் கலக்க முடியாது.

பதில்: இரும்பு_இரண்டு

மேலே சொன்னதோடு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வால் ஹிஃப்-1ஆல்ஃபாவை அணைத்துவிட்டு சேர்மத்தைப் போடுங்கள். அப்போதும் அதே விளைவு வந்தால் பாதை வேறு. ஒப்பிட, ஹிஃப் தடுப்பான்கள் எனப்படும் வை.சி.-1, கீட்டோமின் இரண்டை மட்டும் நம்ப வேண்டாம். முதலாவது குவானிலேட் சைக்ளேஸையும் தூண்டும், இரண்டாவது துத்தநாகத்தைப் பிடுங்குவதால் பல புரதங்களைக் கலைக்கும்.

பெல்சுடிஃபான் (2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் வி.எச்.எல். நோய்க் கட்டிகளுக்கு அனுமதி பெற்றது) ஹிஃப்-2ஆல்ஃபாவின் (ஹிஃப்-1ஆல்ஃபாவின் உறவுப் புரதம்) பாஸ்-பி குழியில் உட்கார்ந்து, அதன் இணைப் புரதமான ஆர்ன்ட்டோடு சேரவிடாமல் செய்யும், ஹிஃப்-1-ஐத் தொடாது. 786-ஓ (சிறுநீரகப் புற்றுநோய்) செல்லில் ஹிஃப்-1ஆல்ஃபாவும் இல்லை, செயல்படும் வி.எச்.எல்.லும் இல்லை, ஹிஃப்-2 எப்போதும் உயர்ந்தே இருக்கும். எனவே உங்கள் சேர்மம் எந்த வகை என்று பார்க்க அந்தச் செல்லும் பெல்சுடிஃபானும் ஒரு ஜோடியாக உதவும். அங்கே புரத அளவை மட்டும் பார்க்காதீர்கள், இலக்கு ஜீன்களை கியூ.பி.சி.ஆரில் பாருங்கள்.

மறுபடி சேம்பருக்குப் போகும்போது மீடியத்தை முந்தைய நாளே மூடியைத் தளர்த்தி உள்ளே வையுங்கள். வெளியிலிருந்து கொண்டுபோன மீடியம் 1 சதவீதத்துக்கு இறங்கவே சில மணி நேரம் ஆகும், பிளாஸ்டிக்கும் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். எல்லா வெல்லிலும் மீடியத்தின் ஆழமும் செல் அடர்த்தியும் ஒன்றாக இருக்கட்டும்.