ரூக் வழியாக செஃப் நிறுவியபின் ஓஎஸ்டிகள் உருவாகவில்லை: மூன்று சர்வர் குபெர்னட்டிஸ் கிளஸ்டர்

கேள்வி – பூச்சந்தைக்கணக்கு

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் மொத்த வியாபாரிகள் சிலருக்கான கணக்கு மென்பொருளை எங்கள் சிறு குழு நடத்தி வருகிறது. வரத்தும் விலையும் விடியுமுன்னே பதிவாகிவிடும் என்பதால், அந்த நேரத்தில் ஒரு சர்வர் நின்றுபோனாலும் வேலை தொடர வேண்டும் என்று மூன்று சர்வர்களில் குபெர்னட்டிஸ் (பயன்பாடுகளைப் பல சர்வர்களில் பகிர்ந்து இயக்கும் மென்பொருள்) கிளஸ்டர் அமைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் 32 ஜிபி நினைவகமும், இயங்குதளத்துக்கென ஒரு தனி வட்டும், தரவுக்காக 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டும் உள்ளன. நெட்வொர்க் 1 ஜிபிபிஎஸ். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் சிட்டைகளின் படங்களும்தான் சேமிக்க வேண்டியவை.

பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் செஃப்பை, அதைக் குபெர்னட்டிஸில் நிறுவி நடத்தும் ரூக் வழியாக நிறுவினோம். ரூக்கின் ஆபரேட்டரும் (நிறுவலை நடத்தும் நிரல்), கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மூன்று மானிட்டர்களும் எழுந்தன. ஆனால் ஒவ்வொரு வட்டையும் கையாளும் ஓஎஸ்டி நிரலுக்கான பாட் (குபெர்னட்டிஸில் நிரல் ஓடும் அலகு) ஒன்றுகூட உருவாகவில்லை, சேமிப்பிடம் கேட்கும் கோரிக்கையான பிவிசி 'பெண்டிங்' நிலையிலேயே நிற்கிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியதிலிருந்து மானிட்டர்களும் குவோரம் (பெரும்பான்மை உடன்பாடு) அமைக்க மறுக்கின்றன. இந்தச் சர்வர்கள் முன்பு வேறோர் இடத்தில் மெய்நிகர் கணினிகளை இயக்கப் பயன்பட்டவை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி – திருமங்கலத்தான்

வணக்கம். நீங்கள் கடைசியாகச் சொன்ன செய்தியில்தான் விடை இருக்கிறது. பகிர்வோ கோப்பமைப்போ எல்விஎம் (லினக்ஸில் வட்டு இடத்தைத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை) அடையாளமோ உள்ள வட்டை ரூக் தொடாது; அதில் யாருடைய தரவாவது இருக்கலாம் என்று கருதி ஒதுங்கிவிடும். 'ஓஎஸ்டி பிரிப்பேர்' என்ற பெயரில் ஓடி முடிந்த பாட்களின் பதிவைப் படித்தால், ஒவ்வொரு வட்டையும் ஏன் தவிர்த்தது என்பதற்கான காரணம் வரிவரியாக இருக்கும். பலரும் ஆபரேட்டரின் பதிவை மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள்.

மானிட்டர்களின் சிக்கல் வேறு. ரூக் தன் நிலைத்தகவலை ஒவ்வொரு சர்வரிலும் 'வார்' அடைவுக்குள் இருக்கும் 'லிப்' அடைவில், 'ரூக்' என்ற பெயரில் எழுதி வைக்கிறது. குபெர்னட்டிஸில் எல்லாவற்றையும் அழித்தாலும் அது அப்படியே தங்கிவிடுவதால், புதிய மானிட்டர்கள் பழைய கிளஸ்டரின் சாவிகளோடு மோதுகின்றன. ஆகவே முதலில் கிளஸ்டரை நீக்குங்கள். பிறகு மூன்று சர்வர்களிலும் அந்த அடைவை அழியுங்கள். அடுத்து தரவு வட்டுகளின் எல்விஎம் தொகுதிகளை விடுவித்து, பகிர்வு அட்டவணையைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவுங்கள். கிளஸ்டர் கோப்பில் 'எல்லா வட்டுகளையும் பயன்படுத்து' என்ற அமைப்பை அணைத்து, வட்டுகளின் பெயரை நீங்களே குறிப்பிடுவது நல்லது.

கொள்ளளவையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆறு வட்டுகளும் சேர்ந்து 2880 ஜிபி, மூன்று பிரதிகள் வைத்தால் 960 ஜிபி என்று தோன்றும். ஆனால் ஒரு பிரதிக்கு ஒரு சர்வர் என்ற முறையில், ஒரு வட்டு பழுதானால் அதன் தரவு அதே சர்வரின் மற்றொரு வட்டுக்குத்தான் போக முடியும். நான்காவது சர்வர் இல்லை. அந்த வட்டும் 85 விழுக்காட்டில் எச்சரிக்கத் தொடங்கிவிடும் என்பதால், ஏறத்தாழ 400 ஜிபிக்கு மேல் நம்பி நிரப்ப முடியாது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

மறுமொழி – அழகர்மலை

மேலே சொன்னது சரி. ஆனால் இந்த அளவுக்கு செஃப் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. முதன்மை ஓஎஸ்டி, எழுதப்படும் ஒவ்வொரு தரவையும் மற்ற இரு பிரதிகளுக்கான ஓஎஸ்டிகளுக்கும் அனுப்பி, அவை உறுதி செய்த பிறகே பயன்பாட்டுக்குப் பதில் தருகிறது. 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கில் இந்தக் காத்திருப்பைப் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் உணரும். போஸ்ட்கிரெஸுக்குச் சொந்தமாகவே பிரதியெடுக்கும் வசதி இருக்கும்போது, போஸ்ட்கிரெஸைக் குபெர்னட்டிஸில் நிர்வகிக்கும் கிளவுட்நேட்டிவ்பிஜி ஆபரேட்டரைக் கொண்டு மூன்று சர்வர்களின் உள்வட்டுகளிலேயே அதை நடத்தலாம்; அடியில் இன்னொரு முறை மும்மடங்கு எழுத வேண்டியதில்லை. படங்களுக்கு மட்டும் செஃப்பின் ஆப்ஜெக்ட் சேமிப்பை (கோப்புகளைத் தனித்தனிப் பொருள்களாக வைக்கும் முறை) வைத்துக்கொள்ளலாம். செஃப்புக்கு மாற்றான லாங்ஹார்ன் என்ற சேமிப்பு மென்பொருளும் எளிதுதான், அதற்கு ஒவ்வொரு சர்வரிலும் ஐஸ்கஸி சேவை (நெட்வொர்க் வழியே வட்டை இணைப்பது) ஓட வேண்டும், ஒரே வட்டுக்கான பல பாதைகளை ஒன்றாக்கும் மல்டிபாத் சேவை அதன் வட்டுகளைப் பிடித்துக்கொள்ளாமல் விலக்கி வைக்க வேண்டும்.

மறுமொழி – திருமங்கலத்தான்

தரவுத்தளத்தைப் பிரிப்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: நம் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், யுபிஎஸ் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். பயன்பாடுகளை முதலில் நிறுத்தி, செஃப்பில் 'நோஅவுட்' கொடியை ஏற்றிவிட்டுச் சர்வர்களை அணையுங்கள். 10 நிமிடங்களாக எழாத ஓஎஸ்டியை செஃப் கணக்கிலிருந்து விலக்கிவிடும் என்பதால்தான் இந்தக் கொடி. அனைத்தும் எழுந்தபின் கொடியை இறக்குங்கள். உங்கள் எஸ்எஸ்டிகளில் மின்னிழப்புப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இல்லாத சாதாரண வட்டுகளில் எழுதும் வேகம் மிகவும் குறைந்துவிடும்.

பதில் – பூச்சந்தைக்கணக்கு

இருவருக்கும் நன்றி. வட்டுகளில் பழைய எல்விஎம் அடையாளம்தான் இருந்தது. துடைத்து நிறுவியதும் ஆறு ஓஎஸ்டிகளும் எழுந்துவிட்டன. தரவுத்தளத்தை உள்வட்டுகளுக்கு மாற்றத் தீர்மானித்து, ஒவ்வொரு சர்வரின் இயங்குதள வட்டிலும் அதற்கென இடம் ஒதுக்குகிறோம். இப்போது நிற்பது ஒரே எச்சரிக்கை: மானிட்டர்களிடையே கடிகார விலகல்.

மறுமொழி – அழகர்மலை

0.05 வினாடிக்கு மேல் விலகினாலே அந்த எச்சரிக்கை வரும். மூன்று சர்வர்களிலும் கடிகாரத்தை ஒத்திசைக்கும் குரோனி சேவையை ஒரே நேர மூலத்தோடு இணைத்துச் சிறிது பொறுத்திருங்கள். பாட்களை மறுபடி தொடங்க வேண்டியதில்லை.